மயிரிழை அசைவு

கொண்டை போட்ட தலை எம்ஆர்ஐ தலைக் காயிலுக்குள் சரியாக உட்காராது. 32 சானல் காயில் என்பது முகத்தையும் பின்தலையையும் சுற்றிக் கவ்வி, மூளையிலிருந்து வரும் சிக்னலை வாங்கும் ஒரு கூண்டு. உள்ளே தலைக்கும் அதைச் சுற்றி மெல்லிய மெத்தைக்கும் மட்டுமே இடம் உண்டு. பின்னந்தலையில் முடிச்சு இருந்தால் தலை முன்னால் தள்ளும், தாடை நெஞ்சை நோக்கி இறங்கும், அந்த நிலையைத் தாங்கக் கழுத்து ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் தாண்டி, கழுத்துத் தசை தளரத் தொடங்கினால், தலை கொஞ்சம் கொஞ்சமாக மெத்தைக்குள் அமிழும். படுத்திருப்பவருக்கு அது தெரியாது, கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியாது. தரவில் மட்டும் தெரியும்.

கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி ஒரு பக்கமாகப் போடச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பின்னால் எத்தனை மணி நேரம் கணினியில் உட்கார்ந்து திருத்தினாலும் அந்த ஒரு நிமிடம் தரும் பலன் கிடைக்காது. எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ முறை, கற்க வருகிறவர்களுக்கு முதலில் புள்ளியியலையும் மென்பொருளையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்கேனர் மேஜை கடைசியில்தான் வருகிறது. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூளைச் செயல்பாட்டைப் பற்றிய முடிவுகளைத் தலையசைவைப் போலக் கெடுத்த வேறொன்று இந்தத் துறையில் இல்லை. அது தன்னைச் சத்தமாகக் காட்டிக்கொண்டு கெடுப்பதும் இல்லை. நோய் மாதிரியே, வளர்ச்சி மாதிரியே, முதுமை மாதிரியே வேடம் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

எதை அளக்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெல்லும் ரத்தத்தின் காந்த குணத்தை அளந்தார்கள். ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக விலக்கும். ஆக்ஸிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்க்கும். 54 ஆண்டுகள் கழித்து, 1990-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலியின் மூளையில் இந்த வேறுபாட்டை எம்ஆர்ஐ படமாகக் காட்டினார். 1992-இல் பாஸ்டன், மினசோட்டா, விஸ்கான்சின் குழுக்கள் மனித மூளையில் இதைப் பார்த்துவிட்டன. ஒரு பகுதியில் நரம்பணுக்கள் சுறுசுறுப்பானால் அங்கே தேவைக்கும் அதிகமாகவே ரத்தம் பாய்கிறது. அதனால் ஆக்ஸிஜன் இறங்கிய ஹீமோகுளோபினின் பங்கு குறைகிறது, அது உண்டாக்கும் காந்தக் குலைவும் குறைகிறது, சிக்னல் சற்றே ஏறுகிறது. இதைத்தான் போல்ட் சிக்னல் என்கிறோம்.

அந்த ‘சற்றே’ எவ்வளவு என்பதுதான் முக்கியம். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள ஸ்கேனரில், கண்ணெதிரே பளிச்சிடும் கட்டங்களைக் காட்டினால் பார்வைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில் பார்வைக்கான பகுதி) 2, 3 சதவீதம் ஏறும். நினைவாற்றல், முடிவெடுத்தல் போன்ற நுட்பமான வேலைகளில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே. அதுவும் உடனே வராது. தூண்டுதல் கொடுத்து 5 விநாடி வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு அடிமட்டத்துக்கும் கீழே கொஞ்சம் இறங்கி, மெல்ல நிலைக்கு வரும். நரம்பணு மில்லிவிநாடியில் பேசுகிறது, நாம் கேட்பது அதற்குப் பின்னால் ஓடிவரும் ரத்தத்தின் காலடிச் சத்தத்தை.

இப்போது ஒரு கணக்கு. படத்தின் மிகச்சிறு கட்டமான வாக்ஸல் என்பது 3 மில்லிமீட்டர் கனசதுரம் என்று வைத்துக்கொள்வோம். மூளையின் விளிம்பில் ஒரு வாக்ஸலின் சிக்னல் 1000, அதற்கு அடுத்த வாக்ஸலில் 600. தலை அந்தத் திசையில் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்தால் முதல் வாக்ஸலின் பத்தில் ஒரு பங்கு இடத்தில் பக்கத்து வீட்டின் பொருள் வந்து உட்கார்கிறது. 1000-இன் பத்தில் ஒன்பது பங்கு 900. அதோடு 600-இன் பத்தில் ஒரு பங்கு 60. மொத்தம் 960. ஆக, 4 சதவீத வீழ்ச்சி. தேடிக்கொண்டிருப்பது 1 சதவீத ஏற்றம். மூன்று நான்கு தலைமயிர்களை அடுக்கினால் வரும் தடிமன் அளவுக்கு நகர்ந்தாலே, தேடும் பொருளைப்போல் நான்கு மடங்கு பெரிய பொய் உள்ளே நுழைந்துவிடுகிறது.

‘மென்பொருள் எல்லாப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திவிடுமே’ என்று கேட்பார்கள். பொருத்தும், எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஆஃப்னி மூன்றுமே அதை நன்றாகச் செய்யும். ஒவ்வொரு வால்யூமையும் (ஒருமுறை எடுத்த முழு மூளைப் படம்) ஒரு மாதிரி வால்யூமோடு ஒப்பிட்டு, மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள் என்று ஆறு எண்களைக் கண்டுபிடித்துத் தலையைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைக்கும். ஆனால் திருப்பி வைப்பது இடத்தைத்தான், சிக்னலை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாதவரை மற்ற எதுவும் புரியாது.

ஒரு வால்யூம் ஒரே நொடியில் எடுக்கப்படுவதில்லை. 2 விநாடியில் 36 ஸ்லைஸ் (மெல்லிய குறுக்குவெட்டுகள்) எடுக்கிறோம் என்றால் ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் சுமார் 55 மில்லிவிநாடி. ஒவ்வொரு ஸ்லைஸும் 2 விநாடிக்கு ஒருமுறை ரேடியோ அலையால் தட்டி எழுப்பப்பட்டு, அந்த இடைவெளியில் முழுதும் ஓயாமல், ஒரு சமநிலைக்கு வந்திருக்கும். ஸ்கேன் தொடங்கியதும் முதல் நான்கைந்து வால்யூம்கள் வெளிச்சமாக இருப்பதற்கும் அவற்றைத் தூக்கி எறிவதற்கும் காரணம், இந்தச் சமநிலை அப்போது இன்னும் வரவில்லை என்பதே. தலை மேலோ கீழோ நகர்ந்தால், பக்கத்து ஸ்லைஸில் இருந்த திசு இந்த ஸ்லைஸுக்குள் வந்துவிடும். அது கடைசியாகத் தட்டப்பட்டு 2 விநாடி ஆகியிருக்காது, ஒரு விநாடிதான் ஆகியிருக்கும், அல்லது மூன்று. அதன் வெளிச்சம் மாறும். தலை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டாலும் அடுத்த சில வால்யூம்கள் வரை அந்தத் தழும்பு இருக்கும். எந்தப் பொருத்தலும் இதை அழிக்காது.

இன்னும் இரண்டு காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காயிலின் கேட்கும் திறன் இடத்துக்கு இடம் மாறும். தலை நகரும்போது அது தலையோடு சேர்ந்து நகராது. அடுத்து, நெற்றிக்குப் பின்னால் உள்ள காற்றறையும் காதுக் குழாயும் காந்தப் புலத்தை வளைக்கின்றன. அதனால்தான் கண்குழிக்கு மேலுள்ள மூளைப் பகுதியும் பொட்டெலும்புக்கு உள்ளே கீழ்ப்பகுதியும் எஃப்எம்ஆர்ஐ படத்தில் கறுத்துப்போய், அல்லது இழுத்துவிட்ட மாதிரி தெரியும். தலை சாயும்போது அந்த வளைவும் மாறுகிறது. அந்த வளைவைத் திருத்தத் தொடக்கத்தில் எடுத்து வைத்த புல வரைபடம் பாதியிலேயே பழசாகிவிடுகிறது.

அசைவை ஒரே எண்ணாகச் சொல்ல வழி வேண்டும் அல்லவா? அதற்குப் பெரும்பாலோர் பயன்படுத்துவது சட்டக இடப்பெயர்ச்சி. ஒவ்வொரு வால்யூமுக்கும் முந்தையதற்கும் இடையே ஆறு எண்களும் எவ்வளவு மாறின என்று பார்த்து, குறியை விட்டுவிட்டு, கூட்டிவிட வேண்டும். சுழற்சி ரேடியனில் இருக்கும். தலையை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள பந்தாக வைத்து மில்லிமீட்டராக்கலாம். ஓர் உதாரணம்: பக்கவாட்டில் 0.05, முன்பின்னாக 0.02, மேல்கீழாக 0.10 மில்லிமீட்டர். தலையாட்டும் திசையில் 0.002 ரேடியன், அதை 50-ஆல் பெருக்கினால் 0.10. மற்ற இரண்டு சுழற்சிகள் 0.02, 0.01. மொத்தம் 0.30 மில்லிமீட்டர். 0.002 ரேடியன் என்பது ஒரு டிகிரியில் ஒன்பதில் ஒரு பங்கு. யாரோ ‘சரியா இருக்கீங்களா?’ என்று கேட்டதற்கு ‘ம்’ சொன்னால்கூட இதைவிட அதிகமாக அசையும்.

இந்த அளவை 2012-இல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவர் குழு முன்வைத்தது. அந்தக் கட்டுரையின் நேர்மைக்காகவே அதைப் படிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே ஆய்வகத்தினர், வேலை எதுவும் கொடுக்காமல் சும்மா படுத்திருக்கும் குழந்தைகளின் மூளையையும் பெரியவர்களின் மூளையையும் ஒப்பிட்டு, ஓர் அழகான கதையைச் சொல்லியிருந்தார்கள். குழந்தைகளிடம் அருகருகே உள்ள பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன, வயது ஏற ஏறத் தொலைதூர இணைப்புகள் வலுக்கின்றன என்பது அந்தக் கதை. பிறகு அவர்களே தங்கள் தரவில் அசைந்த வால்யூம்களை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். கதை கணிசமாக மெலிந்தது. குழந்தைகள் அதிகமாக அசைவார்கள், கதையில் ஒரு பங்கு அதனால் வந்தது. அதே ஆண்டில் ஹார்வர்டின் வான் டைக் குழுவும் பென்சில்வேனியாவின் சாட்டர்த்வெய்ட் குழுவும் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தன.

ஏன் அருகே வலுத்தும் தொலைவில் மெலிந்தும் தெரிகிறது? பக்கத்துப் பக்கத்து வாக்ஸல்கள் ஒரே திசையில், ஒரே அளவு நகர்கின்றன. பொய்யும் ஒன்றுபோலவே நுழைகிறது. ஆகவே அவற்றுக்கிடையே ஒட்டுறவு, அதாவது சிக்னல்கள் சேர்ந்தே ஏறி இறங்கும் தன்மை, கூடும். தொலைவிலுள்ளவை வேறு மாதிரி நகர்கின்றன; தலையாட்டும்போது நெற்றி மேலே போனால் பிடரி கீழே போகிறது. ஆகவே அங்கே ஒட்டுறவு குறையும். ஆட்டிசத்தில் தொலைதூர இணைப்புகள் பலவீனம், முதுமையில் பலவீனம் என்று வந்த முடிவுகளை எல்லாம் இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. எல்லாமே பொய் என்றாகிவிடவில்லை. ஆனால் எது மெய், எது அசைவு என்று பிரித்துக் காட்டாத கட்டுரையை நம்ப முடியாத நிலை வந்தது. அது நல்லதே.

எண்ணுக்கு வருவதற்கு முன் கண்ணால் பார்ப்பது நல்லது. ஆறு கோடுகள் கொண்ட அந்த வரைபடத்தைப் பழகியவர்கள் நாடி பார்ப்பது மாதிரி படிப்பார்கள். மேல்கீழ்க் கோடும் தலையாட்டும் கோடும் சேர்ந்து மெல்ல ஒரே பக்கம் சரிந்தால் கழுத்து தளர்கிறது, அல்லது மெத்தை அமுங்குகிறது. ஒரே ஒரு வால்யூமில் ஆறு கோடுகளும் துள்ளிப் பழைய இடத்துக்கே திரும்பினால் இருமல், தும்மல், எச்சில் விழுங்கல். துள்ளிய பிறகு புதிய மட்டத்திலேயே நின்றுவிட்டால் ஆள் தன்னைச் சரிசெய்துகொண்டார். மூக்கு அரித்திருக்கலாம், முதுகு வலித்திருக்கலாம். இவற்றைவிட மோசமான ஒன்று உண்டு. 20 விநாடிக்கு ஒருமுறை, வேலை கொடுக்கும் நேரத்துக்குச் சரியாகத் தலை சாய்ந்து, ஓய்வு நேரத்தில் திரும்பும். பொத்தானை அழுத்தும்போது தோளையும் சேர்த்து இறுக்குகிறவர்களிடம் இது நடக்கும். அசைவும் வேலையும் ஒரே தாளத்தில் இருந்தால் எந்தக் கணக்கும் இரண்டையும் பிரிக்காது. அசைவை விலக்கினால் வேலையின் விளைவும் போகும், விலக்காவிட்டால் பொய் தங்கும். அந்த ஓட்டத்தை, அதாவது நிறுத்தாமல் எடுத்த அந்த ஸ்கேனை, மறுபடி எடுப்பதுதான் வழி, கையை வயிற்றின்மேல் வைத்து முழங்கைக்குக் கீழே தலையணை கொடுத்து.

இன்னொரு படமும் வேண்டும். மூளையின் எல்லா வாக்ஸல்களையும் வரிசையாக அடுக்கி, நேரம் இடமிருந்து வலமாக ஓட, சிக்னலைச் சாம்பல் நிறச் சாயலாகக் காட்டும் படம் அது. ஜமக்காளம் விரித்தது போலிருக்கும். நல்ல தரவு பொடிமணல் தூவினாற்போல் தெரியும். அசைந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாகக் கறுக்கும் அல்லது வெளுக்கும். அசைவு 2 விநாடியில் முடிந்திருக்கும், பட்டை 20 விநாடி நீளும். காரணம் மூச்சு. உடம்பை அசைத்தவர் பெரும்பாலும் ஒரு பெருமூச்சும் விடுகிறார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு மாறுகிறது, மூளை முழுவதிலும் ரத்த ஓட்டம் மாறுகிறது, சிக்னல் மொத்தமாக இறங்கி ஏறுகிறது. அசைந்த வால்யூமை மட்டும் வெட்டினால் இந்த வால் உள்ளேயே இருந்துவிடும்.

மூச்சு வேறு விதமாகவும் ஏமாற்றும். இப்போது பல ஸ்லைஸ்களை ஒரே நேரத்தில் எடுக்கும் மல்டிபேண்ட் முறை பரவலாகிவிட்டது. மூளை இணைப்புகளை வரைபடமாக்க அமெரிக்காவில் நடந்த மனித கனெக்டோம் திட்டம் 2 மில்லிமீட்டர் வாக்ஸலில் 72 ஸ்லைஸை 0.72 விநாடியில் எடுத்தது, ஓர் ஓட்டத்துக்கு 1200 வால்யூம். இந்த வேகத்தில் எடுத்தால் ஆறு கோடுகளிலும் ஒரு சீரான நெளிவு தெரியும், நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை. அதில் பெரும்பகுதி தலையின் அசைவே அல்ல. நெஞ்சு விரிந்து சுருங்கும்போது தலையிருக்கும் இடத்தின் காந்தப் புலம் கொஞ்சம் மாறுகிறது, படம் ஒரு குறிப்பிட்ட திசையில் (ஃபேஸ் என்கோடிங் திசை) நழுவுகிறது, மென்பொருள் அதைத் தலையசைவு என்று எண்ணிக்கொள்கிறது. இடப்பெயர்ச்சி 0.2 மில்லிமீட்டரைத் தாண்டிய வால்யூம்களை வெட்டும் வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே போட்டால் நல்ல தரவே பாதி போய்விடும். மூச்சின் அலைவெண்ணை அசைவுக் கோடுகளிலிருந்து வடிகட்டிவிட்டு இடப்பெயர்ச்சியைக் கணக்கிட வேண்டும். 2 விநாடிக்கு ஒரு வால்யூம் எடுத்தால் இந்த நெளிவு கண்ணில் படாது. அது இல்லாததால் அல்ல, மெதுவாக எண்ணுவதால் வேறு உருவில் மடிந்து கிடக்கிறது.

சரி, மேஜைக்குத் திரும்புவோம். தலையசைவுக்கு எதிரான போரில் பாதி இங்கேதான் வெல்லப்படுகிறது.

உள்ளே போவதற்கு முன் கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்பட்டால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். உலோகம் பற்றிக் கேட்கும்போது ‘மெட்டல் ஏதாவது இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். நம் ஊரில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: தாலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து, புடவையில் குத்திய ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, பூவைச் சொருகிய ஹேர்பின். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களிடம் அவசரப்படுத்தக் கூடாது. வீட்டிலேயே பேசி முடிவெடுத்து வர, முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது மரியாதை. வெல்டிங், லேத் வேலை பார்த்தவரா, கண்ணில் இரும்புத் துகள் பட்டதுண்டா என்பது தனிக் கேள்வி. ‘ஆம்’ என்றால் எக்ஸ்ரே பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. காந்தம் இரவும் பகலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது, ஸ்கேன் ஓடாதபோதும். பதற்றத்தோடு உள்ளே போகிறவர் அசைவார் என்பதையும் மறக்கக் கூடாது.

காது அடைப்பான் முதலில், அதன்மேல் ஹெட்ஃபோன், பிறகு தலையின் இருபுறமும் பஞ்சுமெத்தை. மெத்தையை இறுக்கித் திணித்தால் பத்து நிமிடத்தில் பொட்டில் வலி வரும், வலி வந்தால் அசைவு வரும். நகர இடமில்லாமல், ஆனால் அழுத்தமும் இல்லாமல் இருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு மேஜையில் படியும், முதுகுவலி குறையும். அறை குளிராக இருக்கும், போர்வை கொடுக்க வேண்டும், நடுக்கமும் அசைவுதான். நெற்றியில் ஒரு மருத்துவ டேப்பை ஒட்டி இரு முனையையும் காயிலில் பொருத்தும் வழக்கம் உண்டு. அது தலையைக் கட்டிப்போடுவதற்கல்ல. அசைந்தால் தோல் இழுபடும், ஆளே உணர்ந்து நிறுத்திக்கொள்வார். இத்தனை மலிவான, இத்தனை பயனுள்ள கருவி எம்ஆர்ஐ அறையில் வேறு இல்லை என்பேன்.

என்ன சொல்லிப் படுக்க வைக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். ‘அசையாதீங்க’ என்றால் உடம்பு விறைக்கும். ‘தூங்கப்போற மாதிரி தலையை மெத்தையில விட்டுடுங்க, கண்ணை மட்டும் திறந்து வச்சுக்குங்க’ என்றால் கழுத்து தளர்ந்து ஓரிடத்தில் நிற்கும். ஸ்கேனை உடனே தொடங்காமல் ஒரு நிமிடம் பொறுத்தால் அந்த அமிழ்தல் அப்போதே முடிந்துவிடும். ஓட்டங்களை 6 முதல் 8 நிமிடத்துக்குள் வைப்பது நல்லது. இடைவெளியில் பேசினால் தாடை அசையும், தலை புதிய இடத்தில் நிற்கும். அதற்காகப் பேசாமல் இருக்கக் கூடாது. பேசுங்கள், பேசிய பிறகு புல வரைபடத்தை மறுபடி எடுத்துவிடுங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகலாம்.

குழந்தைகளுக்குப் போலி ஸ்கேனர் வேண்டும். காந்தமில்லாத ஒரு குழாய், பதிவு செய்த சத்தம், தலை அசைந்தால் திரையில் ஓடும் கார்ட்டூன் நின்றுபோகும் ஏற்பாடு. அரை மணி நேர விளையாட்டில் ஐந்தாறு வயதுக் குழந்தைகள்கூடப் பழகிவிடுவார்கள். உண்மை ஸ்கேனிலும் படம் ஓடவிட்டால் அசைவு வெகுவாகக் குறையும். ஆனால் படம் பார்க்கும் மூளை சும்மா இருக்கும் மூளை அல்ல. ஒரு குழுவுக்குப் படம் காட்டி மற்றொரு குழுவுக்குக் காட்டாமல் விட்டால் ஒப்பீடே வீணாகிவிடும்.

இனி கணினி. முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிடுவோம், வெட்டுவதற்கும் விலை உண்டு என்பதால். 2 விநாடி இடைவெளியில் 8 நிமிடம் என்றால் 240 வால்யூம். 0.2 மில்லிமீட்டர் வரம்பில் 90 வால்யூம் போகிறது என்றால் மிச்சம் 150, அதாவது 5 நிமிடம். பல ஆய்வகங்கள் அதற்குக் கீழே போனால் அந்த ஆளையே விலக்கிவிடுகின்றன. இதோடு 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிகட்டியும் போட்டால், முழுத் தரவிலேயே சுதந்திரத்தில் (ஒன்றையொன்று சாராத எண்களின் எண்ணிக்கை) மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும், சுமார் 86. அதிலிருந்து ஆறு அசைவுக் கோடுகள், அவற்றின் முந்தைய மதிப்புகள், இரண்டின் வர்க்கங்கள் என்று ஃப்ரிஸ்டன் 1996-இல் சொன்ன 24 கழியும். மூளைத் தண்டுவட நீர், வெள்ளைப் பகுதி இவற்றிலிருந்து எடுக்கும் இரைச்சல் கூறுகள் ஒரு டஜன் கழிந்தால் மிச்சம் 50. 240 என்று எழுதிவிட்டு 50-ஐ வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அசைந்த ஒரு ஆளிடம் இது இருபதுக்கும் கீழே போய்விடும், மென்பொருள் அதைப் பற்றி எச்சரிக்காமல் அழகான படமும் தந்துவிடும்.

வரிசை தவறினாலும் கெடும். வெட்டாமல் முதலில் வடிகட்டினால், ஒற்றைத் துள்ளல் குளத்தில் கல் விழுந்த மாதிரி இரு பக்கமும் அலையாகப் பரவும். பிறகு அந்த ஒரு வால்யூமை வெட்டிப் பயனில்லை, கறை பக்கத்து வால்யூம்களுக்குப் போயாயிற்று. தரவை மட்டும் வடிகட்டிவிட்டு அசைவுக் கோடுகளை வடிகட்டாமல் கழித்தால், எடுத்து எறிந்த இரைச்சலையே மறுபடி உள்ளே கொண்டுவருகிறோம். மோசமான வால்யூம்களை அடையாளம் கண்டு, அவற்றின் இடத்தைப் பக்கத்து வால்யூம்களிலிருந்து கணித்த இடைச்செருகல் மதிப்பால் நிரப்பி, தரவையும் கோடுகளையும் ஒரே வடிகட்டியில் போட்டு, கழித்து, கடைசியில் நிரப்பிய இடங்களை நீக்க வேண்டும். எஃப்எம்ஆர்ஐபிரெப் போன்ற பொதுவான ஓடுபாதைகள் பொருத்துதல்களைச் செய்து இரைச்சல் கோடுகளையும் ஓர் அட்டவணையாகத் தருகின்றன. எதைக் கழிப்பது என்பதை நமக்கே விட்டுவிடுகின்றன. அட்டவணையில் இருக்கும் எல்லாவற்றையும் கழிப்பது பெருந்தவறு.

மூளை முழுவதன் சராசரி சிக்னலைக் கழிக்கலாமா என்பது நீண்ட சண்டை. மூச்சின் வாலை அதைப்போல் துடைப்பது வேறில்லை. ஆனால் 2009-இல் கெவின் மர்ஃபி குழு காட்டியபடி, சராசரியைக் கழித்தால் கணக்கின் கட்டாயத்தாலேயே சில எதிர்மறை ஒட்டுறவுகள் பிறக்கும். அது அசைவின் தொலைவுச் சார்பைத் தெளிவாக்கியும் விடும். இரு வழியிலும் செய்து இரண்டையும் காட்டுவதே நியாயம். ஒரு வழியில் மட்டும் தெரிகிற முடிவைத் தலைப்பில் போடக்கூடாது.

புள்ளியியலின் பொறிகளை எல்லோரும் அறிவார்கள், ஆகவே வேகமாகக் கடக்கிறேன். 1,00,000 வாக்ஸல்களில், தற்செயலாக வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்ற வரம்பைத் திருத்தம் செய்யாமல் போட்டால் 100 வாக்ஸல்கள் சும்மாவே படத்தில் எரியும். கிரெய்க் பென்னட் குழு 2009-இல் செத்த சால்மன் மீனை ஸ்கேன் செய்து காட்டியது அதைத்தான். 2016-இல் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் எக்லண்டும் உடனாளிகளும் ஓய்வுநிலைத் தரவை வைத்து லட்சக்கணக்கான போலி ஆய்வுகளை நடத்தி, அருகருகே எரியும் வாக்ஸல்களைக் கொத்தாக எடுத்துப் பார்க்கும் சோதனைகளில் 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய்முடிவு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போவதைக் காட்டினார்கள். 2020-இல் ஒரே தரவை 70 குழுக்களுக்குக் கொடுத்து 9 கேள்விகள் கேட்டபோது எந்த இரு குழுவும் ஒரே பகுப்பாய்வுப் பாதையில் போகவில்லை. 2022-இல் மாரெக் குழு, மூளையையும் நடத்தையையும் இணைக்கும் ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்றது. இவை எல்லாவற்றிலும் அசைவு தனியாக ஓடுகிறது. ஆட்கள் கூடினால் தற்செயல் இரைச்சல் குறையும், அசைவின் சாய்வு குறையாது. நோயாளிகள் அதிகம் அசைந்தால், பத்தாயிரம் பேரைச் சேர்த்தாலும் பொய் இன்னும் உறுதியாகத் தெரியுமே ஒழிய மறையாது.

செயல்பாட்டுப் படங்களுக்கு மட்டுமான நோயும் இல்லை இது. மூளையின் வடிவத்தைக் காட்டி, புறணியின் தடிமனை அளக்க உதவும் சாதாரண டி1 படத்திலும் அசைந்தவரின் சாம்பல் பகுதி மெலிந்ததாகவே தெரியும். 2015-இல் மார்ட்டின் ராய்ட்டர் குழு வேண்டுமென்றே தலையை ஆட்டச் சொல்லி எடுத்த படங்களில் இதை நேரடியாகக் காட்டியது. படத்தைப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், அளவு மட்டும் குறைந்திருக்கும். முதுமையில், பார்க்கின்சனில், நடுக்கமுள்ள எந்த நோயிலும் ‘மூளை சுருங்கியது’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அசைவு ஒருவரின் குணம் மாதிரி. இன்று அதிகம் அசைந்தவர் அடுத்த மாதமும் அதிகம் அசைவார். கடுமையான வரம்பு வைத்து அவர்களை எல்லாம் விலக்கினால், கவனக்குறைவுக் கோளாறு ஆய்வில் மிஞ்சுவது அந்தக் கோளாறு லேசாக உள்ளவர்கள் மட்டுமே. வலியோடு படுத்திருப்பவர், மூச்சுத் திணறுபவர், பயந்த குழந்தை என்று யாருக்காக இந்த ஆய்வு தேவையோ அவர்கள்தான் முதலில் வெளியே போகிறார்கள். இதற்குக் கணினியில் மருந்து கிடையாது. அவர்களுக்கு ஸ்கேன் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும், ஓட்டத்தைக் குறுக்க வேண்டும், இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். அசைவை அங்கேயே திரையில் எண்ணிக்கொண்டு, நல்ல தரவு போதிய நிமிடம் சேர்ந்தபின் நிறுத்தும் மென்பொருள் 2017 முதல் உண்டு.

ஆகவே ஒரு கட்டுரையோ முனைவர் பட்ட வரைவோ கைக்கு வந்தால், வண்ணப் படத்துக்கு முன் நான்கு எண்களைத் தேடுங்கள். இரு குழுக்களின் சராசரி இடப்பெயர்ச்சி தனித்தனியே எவ்வளவு. வெட்டிய பிறகு ஒவ்வொருவருக்கும் மிஞ்சிய நிமிடம் எவ்வளவு. எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள், எந்தக் குழுவில் அதிகம். சுத்தம் செய்த பிறகும் இணைப்பு வலிமைக்கும் ஆளின் அசைவுக்கும் மிஞ்சும் ஒட்டுறவு எவ்வளவு, அது தொலைவோடு மாறுகிறதா. நோயாளிகள் 0.24, மற்றவர்கள் 0.13 மில்லிமீட்டர் என்று இருந்தால், அசைவில் ஒத்த ஆட்களை மட்டும் தேர்ந்து மறுகணக்குப் போட்ட அட்டவணையைக் கேளுங்கள். அந்த அட்டவணை இல்லையென்றால் ஆய்வகத்துக்கு எழுதி, ஒவ்வொரு ஆளின் ஆறு கோடுகளையும் அனுப்பச் சொல்லுங்கள். 240 வரிகள், ஆறு பத்திகள் கொண்ட சிறு உரைக்கோப்பு அது. ஓர் ஆளுக்குச் சில பத்துக் கிலோபைட்தான்.